கை மாறாத கல்

சரசம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அவள் மகனை அடித்தது தப்பு என்று பரமசிவம் ஊர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போலீசில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருந்தாள்.

போச்சம்பள்ளி பக்கத்து ஊர் அது. பரமசிவம் வீட்டு வயலில் களையெடுத்தே பாதி வயசைக் கழித்தவள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஒரு செருப்புக் கம்பெனியில் பெருக்கும் வேலை. மகன் மாதேஷுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இடம் கிடைத்தது, பைக் வாங்கினான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, தெருவை அடைத்து டிராக்டரை நிறுத்தியிருந்த பரமசிவத்தைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டான்.

"எந்தக் கையிலடா அடிச்ச?" என்று கேட்டு, இடது கை என்று தெரிந்துகொண்டு, ஸ்பேனரால் அந்தக் கை விரல்களை மட்டும் நசுக்கினான் பரமசிவம். கடுகத்தனை சாமான்களைப் பொருத்துகிற வேலைக்கு அந்தக் கை ஆகாது என்று கம்பெனி அனுப்பிவிட்டது.

"ஊர்லயே பேசித் தீத்துக்கப் பாருங்க," என்றார்கள் ஸ்டேஷனில். ஓசூரிலிருந்து அருணா என்கிற தொண்டு நிறுவனப் பெண் வந்தாள். அடித்தவரும் அடிபட்டவரும் ஊரோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவது எப்படி என்று பயிற்சி கொடுத்தாள். தென்பெண்ணையில் எடுத்த வழவழப்பான கல் ஒன்று கைக்குக் கை போகும். கல் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். சரசம்மாவுக்கு அந்த விதி பிடித்துப்போயிற்று. அவள் பேசி முடிக்கும்வரை யார் இதுவரை காத்திருந்தார்கள்?

வட்டம் கூடிய அன்று சரசம்மாவுக்கு ஒரு பக்கம் மாதேஷையும் மறுபக்கம் பரமசிவத்தையும் உட்காரவைத்தாள் அருணா. சரசம்மா கல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். குறுக்கே ஒருவரும் பேசவில்லை. பிறகு கல்லை நீட்டினாள்.

பரமசிவம் கையை நீட்டவில்லை. "கீழ வெச்சுடு. எடுத்துக்கறேன்."

"கையில வாங்குங்க, சின்னவரே."

"கீழ வெய்யின்னேன்."

அவள் வைக்கவில்லை. கல் தன்னிடம் இருக்கும்வரை வேறு யாரும் பேச முடியாதென்று நம்பினாள்.

வார்டு மெம்பர் எல்லப்பன் சிரித்தார். "ஏ சரசா, அது என்ன கோயில் கலசமா? வெச்சுட்டுப் போவியா!"

"அக்கா, சின்ன விஷயம். கீழ வைங்க," என்றாள் அருணா. "பெரிய விஷயம் பேசத்தானே வந்திருக்கோம்?"

"எம் மவன் கை போனதும் இந்த மாதிரி சின்ன விஷயத்துக்குத்தாம்மா."

எல்லப்பன் எழுந்து வெளியே போனார். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் ஒன்றைப் பொறுக்கி வந்து பரமசிவத்தின் உள்ளங்கையில் வைத்தார். அருணா ஒரு கணம் தயங்கினாள், பிறகு தலையாட்டிவிட்டாள்.

"ஏதோ கோவத்துல கை பட்டுடுச்சு," என்றான் பரமசிவம்.

"கை படல! ஸ்பேனர்—"

"அக்கா," அருணா உதட்டில் விரல் வைத்தாள். "இப்ப அந்தக் கல்லுதான் பேசுது."

ஜல்லி சுற்றிவந்தது. சரசம்மாவையும் மாதேஷையும் தாண்டிப் போயிற்று. ஊர் ஒற்றுமையைப் பற்றி எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். பயிற்சியில் கற்றபடி கடைசியில் கைதட்டினார்கள்.

மறுநாள் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"சமரசம் ஆயிடுச்சாமே?" என்றார் எஸ்.ஐ.

"நான் ஒத்துக்கலீங்க ஐயா. அவரு தப்புன்னே சொல்லல."

"வட்டத்துல உக்காந்தியா, இல்லியா?"

"உக்காந்தேனுங்க."

"அப்ப முடிஞ்சுது. கெளம்பு."