ஜமக்காளத்தின் மேல் முறுக்கிய போல்ட்

அணையில் மீன்பிடிக்கும் எங்கள் படகை ஏற்றிச் செல்லும் டிரெய்லரில், படகு உட்காரும் இரண்டு மரக்கட்டைகளுக்கும் மெத்தென்று ஏதாவது சுற்ற வேண்டியிருந்தது.

"பவானியில இருந்துட்டு கார்ப்பெட்ட எதுக்குங்க தேடறீங்க?" என்று நான்தான் ஜமக்காளத்தை எடுத்துக் கொடுத்தேன். கணவர் அதை மடித்துச் சுற்றி, கட்டைகளை டிரெய்லரோடு பிணைக்கும் போல்ட்டுகளை அதன் மேலேயே முறுக்கினார்.

முதல் நாள் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றித் திரும்பும்போது பின்னால் டக்டக்கென்று சத்தம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, நிறுத்துங்க."

"ரோடு அப்படி, அம்மணி."

நான் மூன்றாம் முறை கத்தியதும் நிறுத்தினார். நனைந்த ஜமக்காளம் அமுங்கி, நட்டுகள் கழன்று, ஒரு கட்டை விலகியிருந்தது. படகு சரியும் நிலையில் இருந்தது. எங்களுக்குப் பின்னாலேயே ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது.

இப்போது போல்ட்டைக் கட்டைக்குள் புதைத்து முறுக்கிய பிறகே மேலே கார்ப்பெட்டை அடிக்கிறோம். சத்தமே இல்லாவிட்டாலும் பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, ஸ்பானரோடு இறங்குகிறேன். ரோட்டைக் குறை சொல்வதை அவர் விட்டுவிட்டார்.