ஒரே கயிற்றில் இரண்டு பேர்

ஓட்டுக் கூரையில் பாசி ஏறிவிட்டால் ஊரில் எல்லோரும் பாசிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்கள்: அவரும் அவர் மனைவி பாசிக்காரம்மாவும். கயிறு மட்டும் ஒன்றுதான். ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை அந்த அம்மாவின் இடுப்பில், நடுக்கயிறு முகட்டின் மேல். முன்சரிவை இவர் சுரண்ட, பின்சரிவை அவர் சுரண்டுவார். ஒருவர் சறுக்கினால் மற்றவர் எடை பிடித்துக்கொள்ளும். கொக்கியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், கல்யாணம் ஆகியிருந்தால் போதும் என்பது பாசிக்காரர் கொள்கை.

இதற்கு எடை சமமாக இருக்க வேண்டுமாம். அதனால் ஒவ்வொரு கூரைக்கும் முன்னால் மனுஷன் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இருவரையும் நிறுத்துப் பார்ப்பார். அதை வீட்டுக்குள்ளேயே செய்து தொலைத்திருக்கலாம். அன்றைக்குத் தையல்காரர் வீட்டு வாசலில், அவர் கண்முன்னாலேயே முள்ளைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"போன மழைக்கு இப்ப நல்லா ஏறியிருக்க. சமமா வரணும்னா நான்தான் ரெண்டு செங்கல் கட்டிக்கணும்."

கட்டியும் கொண்டார், புண்ணியவான்! பையில் போட்டு இடுப்பில் தொங்கவிட்டார். பாசிக்காரம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துத் தையல்காரர் தன் கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"இந்தக் கூரையோட சரி," என்றார் அந்த அம்மா. "இனிமே அந்தப் பக்கமும் செங்கல்லையே கட்டிக்குங்க. நான் எங்க அக்கா கடைக்கு வேலைக்குப் போறேன்."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் நகரும் முன் குரல் கொடுக்காமல் இந்த வேலை நடக்காதே! ஆகவே தையல்காரர் தூது போனார், முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக.

"அம்மா, கயித்தைக் கொஞ்சம் விடச் சொல்றாரு."

"அவருக்கு நாக்கு இல்லையான்னு கேளுங்க."

ஓடினார். "உங்களுக்கு நாக்கு இல்லையான்னு கேக்குறாங்க."

"இருக்கு. அதாலதான் இவ்வளவும்னு சொல்லுங்க."

"இதை நீங்களே சொல்லக் கூடாதா? அங்க எனக்கு ரவிக்கை நாலு வெட்டினபடி கிடக்கு!"

பாசிக்காரருக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஒருமுறை மனைவிக்குப் பதிலாகத் தம்பியைக் கயிற்றில் கட்டிப் பார்த்தார். அவன் போன் வந்ததென்று சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனான். முகட்டுக்கு அந்தப் பக்கம் மனைவியின் சுரண்டி கரகரவென்று கேட்டால்தான் இவருக்குக் கால் நிற்கும். அந்த அம்மா இல்லாத கூரையை நினைக்கவே பயமாக இருந்தது. மன்னிப்பு கேட்டால் முடிந்தது. ஆனால் இவர் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி.

மதியத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் கரகரப்பு நின்றது. போய்விட்டாளோ? தூதுவரைக்கூடக் கூப்பிடாமல், எட்டிப் பார்க்க மேலே ஏறினார். ஈரப் பாசி. காலை வைத்தார், செங்கல் பை ஒரு ஆட்டம் ஆடியது, சர்ரென்று மல்லாக்க இறங்கினார். இரண்டு காலும் கூரைக்கு வெளியே போன பிறகு கயிறு விண்ணென்று இறுகி நின்றது.

கீழே தையல்காரர் பதறினார். "இப்ப அவங்ககிட்ட என்ன சொல்லணும்?"

"நானே சொல்லிக்கிறேன், ஏணியை எடுய்யா!" என்றவர் தெருவே கேட்கக் கத்தினார். "ஏம்மா! தப்பு என்னுதுதான்! நீ இல்லாம நான் எந்தக் கூரையும் ஏறமாட்டேன்!"



ஏணி வந்தது. இறங்கி, கயிற்றையும் செங்கலையும் கழற்றிப்போட்டுப் பின்பக்கம் ஓடி, அங்கிருந்த ஏணியில் ஏறினார். மனைவி ஓட்டின் மேல் குப்புறப் படுத்திருந்தார். சாமான் பை தோளில், புறப்படத் தயாராக. கயிறு இடுப்பில் இல்லை. இரண்டு கையிலும் சுற்றியிருந்தது, உள்ளங்கைத் தோல் வழன்று போயிருந்தது.

"அவுத்துட்டியா?"

"அவுத்துட்டேன். எறங்கிப் போயிடலாம்னு."

"அப்புறம் ஏம்மா புடிச்ச?"

"கயிறு ஓடுச்சு, புடிச்சேன். அதையெல்லாம் யோசிச்சா செய்வாங்க?"

பாசிக்காரர் கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். கண் கலங்கிக் கயிறே சரியாகத் தெரியவில்லை.

"அடுத்த கூரைக்கு வர்றேன்," என்றார் பாசிக்காரம்மா. "ஆனா பேசமாட்டேன்."