படை திரட்டாத ராணி

அப்பாவும் அம்மாவும் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் மூட்டைகளோடு புந்தோங்கில் பெரியப்பா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தோம். அந்த வீட்டில் ஒரு கணினி இருந்தது. கணினி விளையாட்டுக்குள் ஒரு பழைய காலம் இருந்தது: கோட்டை, குதிரை, பனி, ஒருவரையொருவர் விழுங்கக் காத்திருக்கும் ராஜாக்கள். எனக்குப் பதினொரு வயது. கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

கணினி பெரியப்பா மகனுடையது. அண்ணன் எனக்கென்று வரைபடத்தின் மூலையில் கிடந்த நோஞ்சான் நாட்டையே கொடுப்பான். ஒரு கோட்டை, இரண்டு வயல். நானும் முதல் வேலையாகப் படை திரட்டுவேன். படை தானியத்தைத் தின்று தீர்க்கும். பசித்த வீரர்கள் ஓடிப்போவார்கள். ஏழாவது சுற்றில் பக்கத்து ராஜா வந்து கொடியைப் பிடுங்குவான்.

“ஆலாமக்! மறுபடியும் செத்துட்டியா?” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

ஒருநாள் அண்ணனுக்கே சலித்துவிட்டது. “கடைசி சான்ஸ் லா. இருபது சுற்று தாங்கிட்டா தினம் ஒரு மணி நேரம் உனக்கு. இல்லாட்டி இந்தப் பக்கமே வரக்கூடாது.”

அன்று நான் படையே திரட்டவில்லை. வடக்கே இருந்த பெரிய ராஜாவுக்கு அவன் கேட்கும் முன்பே கோதுமை அனுப்பினேன். கிழக்கே இருந்தவன் என் வயலை மிதித்தான், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். மிஞ்சியதையெல்லாம் களஞ்சியத்தில் சேர்த்தேன். யாரும் சீண்டாத ஆற்றங்கரை ஒன்று காலியாகக் கிடந்தது. அதன்மேல் மட்டும் ஒரு கண்.

“என்னா லா இது, நீ ராணியா வேலைக்காரியா?”

பதினெட்டு. பத்தொன்பது. பெரிய ராஜாக்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு களைத்துப்போனார்கள். இருபதாவது சுற்றில் ஆற்றங்கரையில் என் இரண்டாவது கொடி ஏறியது. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான். எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று கேட்டிருந்தால், என் மூளையிலிருந்து என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே அந்த வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்வார். பெரியம்மா முகம் சுளித்தாலும் சிரிப்பார். எனக்கு அது அவமானமாக இருக்கும்.

நான் ஜெயித்ததைச் சொன்னதும் அம்மா கேட்டார்: “எப்படிம்மா ஜெயிச்ச?”

“பெரிய ஆளுங்கள பகைச்சுக்கக் கூடாதும்மா. கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துடணும். மிதிச்சாலும் கண்டுக்கக் கூடாது. காலியா கிடக்கிற எடத்த மட்டும் பாத்து வச்சிக்கணும். நீங்களும் இந்த மாதிரி யோசிக்கக் கத்துக்கணும். இங்க எல்லாருக்கும் பயந்து பயந்து போறீங்க.”

அம்மாவின் கை நின்றது. அப்புறம் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “சரி லா, கத்துக்கிறேன்.”

அந்த மாதக் கடைசியில் பசாருக்குப் பின்சந்தில், ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த வாடகை வீடு ஒன்று எங்களுக்கென்று அமைந்தது. முதன்முதலாக உள்ளே நுழைந்தபோது அப்பா வாசலில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தார். அம்மா நேராகப் போய், திரும்பிப் பார்க்காமலே கதவுக்குப் பின்னால் கைவிட்டு விளக்கைப் போட்டார்.

நான் கணினி வாங்கினால் எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.