எந்த இஸ்மாயில்?

இன்று ஆஸ்பத்திரி வரிசையில், மருந்து முடிந்துவிடுமோ என்ற கவலையோடு பன்னிரண்டாவது ஆளாக நின்றபோது, யாரோ கொண்டுவந்த இஞ்சித் தேத்தண்ணி மணத்தது. உடனே மனம், கல்முனைச் சந்தையருகே உட்கார ஐந்து வாங்குகளும் ஒரே மின்விசிறியுமாக இருந்து இப்போது கைபேசிக் கடையாகிவிட்ட அந்தத் தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எந்த வயலுக்குத் தண்ணீர் வந்தது, எந்தத் தோணிக்கு மீன் பட்டது என்ற ஊர்ச் செய்தியெல்லாம் அங்கேதான் வரும். யாராவது இறந்தால் அந்த மௌத்துச் செய்தி மட்டும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும். எங்கள் பக்கம் ஆறு இஸ்மாயில்கள் இருந்தார்கள், பட்டப்பெயரால்தான் பிரித்தறிவோம். மௌத்தானவரைப் பட்டப்பெயரால் சொல்வது மரியாதையில்லை என்று, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒருநாள் காலையில் வெறுமனே "இஸ்மாயில் மௌத்தானார்" என்று அறிவித்துவிட்டார்.

கடையில் இருந்த கொக்கு இஸ்மாயில், "இன்னாலில்லாஹி... எந்த இஸ்மாயில்?" என்றார்.

"நீதான் மச்சான். மௌத்தான ஆளுக்கு என்னத்துக்குத் தேத்தண்ணி?" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரிக்க, அவர் முகம் மட்டும் வெளுத்தது. அடுத்த தெருவில் அவருடைய மகள் நிறைமாதமாக இருந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அவளோ அழுதபடி எதிரே வந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நின்று, கால்களைப் பார்த்தாள்.

"செருப்பில்லாம இந்த வெயிலுக்க எங்க வாப்பா ஓடுறீங்க?"

"நான் மௌத்தாகல்லெண்டு ஒனக்குச் சொல்லத்தான் மகள்."

வீடு வரை அவர் கையை அவள் விடவேயில்லை. அவருடைய ஜனாஸாவை அடக்கம் செய்யவென்று வந்துகொண்டிருந்தவர்கள், வழிநெடுக அவருக்கே ஸலாம் சொன்னார்கள்.