வேடியப்பனின் கேடயத்தில் பக்கத்து ஊர் மாடு

என் மகள் கலர் பென்சில் டப்பாவைத் திறந்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. நடந்து முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அவள் மறந்துவிட்டாள். இரண்டு ஊர்க்காரர்களும் மறந்துவிட்டார்கள். நான் மட்டும் அவள் எதையாவது வரைந்தால், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் யாருடைய மாடாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடிதம் வந்தால் கவலை, வராவிட்டாலும் கவலை என்று பழகிப்போன மனசு. கணவர் வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். ஆகவே வீட்டுக்குத் தேவையான பயம் முழுவதையும் நான் ஒருத்தியே பட்டாக வேண்டும்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. படிப்பது அறிவியல் பாடம் என்றாலும் பள்ளியின் பாரம்பரிய மன்றத்தில் அவள்தான் எல்லாம். மார்கழியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதற்காக ஏதோ படித்துவிட்டு வந்து, சோறு தின்னும்போது என்னிடம் சொன்னாள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரபுவுக்கும் கேடயத்தில் ஒரு சின்னம் இருந்ததாம். அந்தப் பழக்கம் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே செத்துப்போன வீரர்களுக்கும் அவர்களாகவே சின்னம் எழுதி வைத்தார்களாம். கிரேக்கப் பேரரசன் ஒருவனுக்குச் சிங்கம். ரோமாபுரிக்காரனுக்கு இரட்டைத் தலைக் கழுகு. ஆதாமுக்குக்கூட ஒரு கேடயம், ஒன்றும் வரையாமல் வெறும் சிவப்பு.

உடுத்தத் துணியே இல்லாதவருக்கு எதற்குக் கேடயம் என்று கேட்டேன். அவ்வளவு பெரிய ஆளுக்குச் சின்னம் இல்லாமல் இருக்குமா என்று அவர்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை, அதுதான் காரணம் என்றாள். நான் சிரித்தேன். எங்கேயோ தூர தேசத்துக்காரர்களின் அசட்டுத்தனம் என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு நடுகல் இருக்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்; இந்தப் பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக ஒரு வேடியப்பன் உண்டு. கையில் வில், காலடியில் நாய், ஓரத்தில் மாடு. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. மகள் கண்காட்சிக்காக அவருக்கு ஒரு கேடயம் வரைந்தாள். சிவப்புத் தரை, மேலே வில், கீழே இடது ஓரம் நாய், வலது ஓரம் மாடு. மாட்டின் விலா வெறுமையாகத் தெரிந்ததால் அதில் ஏணி மாதிரி ஒரு சூட்டுக் குறி போட்டாள். படத்துக்குக் கீழே ஒரு அட்டை: ‘இது என் கற்பனை. இவருக்கு இப்படி ஒரு சின்னம் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை.’ அந்த அட்டையை நானே மூன்று முறை படித்துப் பிழை பார்த்தேன். விலாவைப் பார்க்கவில்லை.

தை மாதம் வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்போம். எங்கள் ஊர் இளைஞர்கள் அந்தப் படத்தை செல்போனில் பிடித்து, ஒடுகத்தூரில் கொடுத்து பத்தடிக்கு ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். பதினொரு பேர் முகம் வைக்க இடம் வேண்டும் என்று கடைக்காரர் கீழே இருந்த அட்டையை வெட்டிவிட்டார். அதற்குப் பதிலாக ‘எங்கள் வேடியப்பனின் வீரச் சின்னம்’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. போதாததற்கு முப்பது பனியன்.

ஃபிளெக்ஸ் கட்டிய மறுநாள் காலை பக்கத்து ஊர்ப் பெரியவர் அஞ்சலகத்துக்கு வந்தார். எப்போதும் பென்ஷன் கேட்க வருபவர். அன்று செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இன்னா தங்கச்சி இது? எங்க மாடு உங்க சாமி பேனர்ல இன்னா பண்ணுது?”

அப்போதுதான் விலாவைப் பார்த்தேன். மலையில் ஊருக்கு ஊர் மாட்டுக்கு ஒரு சூடு உண்டு. மேய்ச்சலில் கலந்துவிட்டால் பிரித்து ஓட்டுவதற்கு. ஏணிச் சூடு அவர்கள் ஊருடையது. என் கையிலிருந்த முத்திரைக் கட்டை நழுவி, வருகைப் பதிவேட்டில் நாளைக்கான இடத்தில் தானாக விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு மூச்சு வாங்குகிறது. உங்கள் வேடியப்பன் எங்கள் மாட்டைத் திருடினார் என்று நீங்களே பனியனில் எழுதிக்கொண்டீர்கள் என்றார்கள் அவர்கள். குலதெய்வத்தை மாட்டுத் திருடன் ஆக்கிவிட்டாள் என்று எங்கள் ஊரில் என் மகளைப் பேசினார்கள். அந்த மாடுகளை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்க, இருநூறு தலைமுறைக் கன்றுகளையும் சேர்த்தா என்று எங்கள் ஆள் ஒருவர் கேட்க, பேச்சு அப்படியே ஏறியது.

எனக்கு மாடு முக்கியமில்லை. திங்கட்கிழமை மகளுக்கு செய்முறைத் தேர்வு. எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. பக்கத்து ஊர் வழியாக நடந்து, அவர்கள் கடைத்தெருவில் நின்றுதான் ஏற வேண்டும். இந்தப் பிள்ளை எங்கள் ஊரில் கால் வைக்கட்டும் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தேர்வு போனால் வருடம் போனது, வருடம் போனால் கல்லூரி போனது, கல்லூரி போனால் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே போய், அவளுடைய முதுமைக் காலம் வரை அழுதுவிட்டேன். அவள் தவளையின் குடல் படத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை நடுகல் முன்பு இரண்டு ஊரும் கூடியது. மகள் எழுந்து, இதை நான்தான் கற்பனையாக வரைந்தேன், அவருக்குச் சின்னமே கிடையாது என்று சொன்னாள். இரண்டு ஊரும் முதல் முறையாக ஒரே குரலில் அவளைக் கோபித்துக்கொண்டது. சின்னம் இல்லாத வீரன் எங்கே இருக்கிறான் என்றார் எங்கள் நாட்டாமை. ஆதாமைப் பற்றிச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் நிதானமாகக் கேட்டார். “நீதான் வரஞ்ச, ஒத்துக்கறேன் பாப்பா. எங்க சூடு உனுக்கு எப்டி தோணுச்சு? சாமி சொல்லாம தோணுமா?”

“சாமி சொல்லல மாமா. பஸ்ஸு வர்ற வரைக்கும் உங்க மாடுதான் எதுக்க நிக்குது. வேற இன்னாத்த பாக்குறது?”

சிரிப்பு வந்தது. ஆனால் சாமிதான் அந்த மாட்டை அங்கே நிறுத்தியது என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பு நின்றுவிட்டது.

சூட்டை அழித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சூடு இல்லாத மாடு கேட்பாரற்ற மாடு, அதற்காக எவன் உயிரை விடுவான் என்று எங்கள் ஊரே மறுத்தது. எங்கள் ஊர்ச் சூட்டைப் போடலாம் என்றார்கள். “அப்போ திருட வந்தது நாங்களா?” என்று பெரியவர் துண்டை உதறி எழுந்தார். ஒன்றுமே வேண்டாம், வெறும் சிவப்பாக விட்டுவிடலாம் என்று மகள் ஆதாமைப் பெயர் சொல்லாமல் சிபாரிசு செய்தாள். வெறும் சிவப்பு கட்சிக் கொடி ஆகிவிடும், போலீஸ் வரும் என்றார்கள்.

வெயில் ஏறிவிட்டது. எனக்கு மறுநாள் காலை ஏழே கால் பஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் நான் வாயே திறந்ததில்லை. அன்று என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

“சூடு வலப்பக்கம்தானேண்ணா போடறோம்? மாட்ட திருப்பி நிக்க வெச்சிட்டா?”

பெரியவர் கையால் காற்றில் ஒரு மாட்டைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் நாட்டாமையும் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் தெரிந்தால் சூடு மறுபக்கம் போய்விடும். சூடு இருக்கும், ஆனால் தெரியாது. அந்தப் பக்கம் எந்தச் சூடு என்று அவரவருக்குத் தெரியும்.

“இருக்குது, ஆனா தெரியாது. அதான் சரி,” என்று பெரியவர் உட்கார்ந்தார். நாட்டாமை பொங்கலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அவர்களை அழைத்தார்.

மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வரைந்தாள். இப்போது மாடு நாயைப் பார்த்து நிற்கிறது. இரண்டும் ஏதோ ஊர்க்கதை பேசிக்கொள்வது போல இருக்கும். புது ஃபிளெக்ஸ் வந்தது. பழைய பனியன்களை இளைஞர்கள் உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவளோடு நானும் நடந்தேன். கையில் ஹால் டிக்கெட்டின் மூன்று நகல். கடைத்தெருவில் அந்த மாடு வழக்கம்போல நின்றது. அதன் பக்கத்தில் பெரியவர். எங்களைப் பார்த்ததும் நேராக வந்தார். மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். அவள் என்னைவிட உயரம் என்பதால் தலை தெரிந்தது.

“பரீட்ச எழுதிட்டு வா பாப்பா. வந்து எங்க ஊரு வேடியப்பனுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. அவுரு மட்டும் சும்மா நிக்கிறாரு.”

பஸ் வந்துவிட்டது. அவள் படியில் ஏறிக்கொண்டே கேட்டாள். “உங்க கல்லுல இன்னா மாடு மாமா?”

“மாடு இல்லம்மா, புலி. எங்காளு புலியக் குத்தினவரு.”

பஸ் கிளம்பியது. புலிக்கு யாரும் சூடு போடுவதில்லை என்று, அது திருப்பத்தில் மறையும் வரை நிம்மதியாகக் கையசைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வனத்துறை ஞாபகம் வந்தது.