அப்பாவின் தோளில் ஒரு குரங்குக் குட்டி

என் மகளுக்கு ஒரு பழக்கம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கழுத்தில் தாவுவாள். என் மேல் இருப்பது சாக்பீஸ் தூள் மட்டும்தான். ஆனாலும் என் கண்கள் முதலில் விளக்கு எங்கே எரிகிறது என்றுதான் தேடும். 

அவள் வயதில் நான் ஒரு குரங்குக் குட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. சாயங்காலம் புருவம், காது மடல், சட்டை எல்லாம் அலுமினியப் பொடி அப்பி, வெள்ளி முலாம் பூசிய ஆளாக வருவார். நான் ஓடினால், "கிட்ட வராத, குளிச்சிட்டு வாரேன்" என்று வீட்டுக்குள் நுழையாமலே பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போவார். தேய்த்துக் குளித்து வருவதற்குள் பல நாள் நான் தூங்கிப் போயிருப்பேன்.

அந்த வருடம் கம்பெனி வேலியோரம் மின்கம்பியில் அடிபட்டு ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. அதைப் பிடித்தபடி உயிரோடிருந்த குட்டியை அப்பாதான் துண்டில் சுற்றி, மலையடிவாரத்து விலங்கு மீட்பு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்புறம் ஞாயிறுதோறும் தலைக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு அங்கே கிளம்பிவிடுவார்.

"எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டுச் சிங்காரிக்கலை" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடம்பிடித்து ஒரு ஞாயிறு நானும் போனேன்.

சிறகொடிந்த மயில், ஓடு விரிசல்விட்ட ஆமை, ஒரு கண் போன ஆந்தை. எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. மையத்து அக்கா வலைக்கதவைத் திறந்ததும் குட்டி ஒரே தாவலில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்பா சத்தம்போட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"அண்ணாச்சி வந்தாத்தான் பய ஒழுங்காப் பால் குடிக்கான்" என்றாள் அக்கா. "இது உங்க மகளா? என்ன தாயி, மூஞ்சிய உம்முனு வச்சிருக்க?"

"தம்பியப் பாத்துப் பொறாமை" என்றார் அப்பா.

தம்பி பால்புட்டியை உறிஞ்சிக்கொண்டே அப்பாவின் காது மடலைப் பிடித்திருந்தான். பஸ்ஸில் வரும்போது எனக்குப் புரிந்துவிட்டது. அவன் யாரிடமும் கேட்கவில்லை, தாவினான். கேட்டுக்கொண்டு நின்றதுதான் என் மடத்தனம்.

மறுநாள் சாயங்காலம் வாசல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா சந்துப் பக்கம் திரும்பும்போது படியிலிருந்து தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதே நேரம், அவர் கொல்லைக்குப் போயிருப்பார் என்று எண்ணி, அம்மா எரியும் அகல்விளக்கோடு வாசலுக்கு வந்தாள்.

"விளக்க அணை, விளக்க அணை" என்று அப்பா கத்தினார். என்னைத் தூக்கிக்கொண்டு சந்துவழியே ஓடி, தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக என் தலையில் கொட்டினார். பிறகு அறைந்தார்.

"பிள்ளையப் போட்டு அடிக்காதீக. அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. அணைத்த விளக்கோடு பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். அப்பா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார்.

குரங்குக்குச் சிரிப்பு, எனக்கு அறை. நான் கணக்கை முடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து அப்பா கம்பெனித் தொட்டியிலேயே குளித்து, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். குளித்துக் கிளம்பினால் எங்கே போவார் என்பது எனக்குத் தெரியாதா? தினமும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்று நம்பினேன்.

தலையில் ஈரம் சொட்ட வாசலில் நின்று, "ஏட்டி, இப்ப வா, தாவு" என்று இரண்டு கைகளையும் நீட்டுவார். குரங்குக்குப் போக மிச்சம் எனக்கா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவேன்.