வண்டிக்காரனுக்குக் குரல் கொடுப்பவர்

புரொஜக்டரில் ரீலை மாட்டும்போது ஞானையா மூச்சை அடக்கிக்கொள்வார். பிலிமின் நுனி கடைசிப் பல்லில் ஏறி, சுருள் ஒருமுறை சுற்றிய பிறகுதான் மூச்சு வெளியே வரும். "இவ்வளவுதான் சார். இன்னிக்குப் பொழச்சோம்" என்பார். எல்லா வெள்ளிக்கிழமையும் இதையே சொல்வார்.

மற்ற ஆறு நாளும் அவர் அபுதாபியில் எங்கள் எண்ணெய்க் கம்பெனியின் ஏ.சி. மெக்கானிக். வெள்ளி ஒருநாள்தான் விடுமுறை. அன்று காலை பத்து மணிக்கு, கிளப் ஹாலில், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படம் போடுவார். அமெரிக்க இன்ஜினியர்களின் பிள்ளைகளுக்காகத் தகரப் பெட்டிகளில் கார்ட்டூன் ரீல்கள் வரும். அவர்கள் பார்த்து முடித்ததும் எங்களுக்குக் கிடைக்கும். மேற்கே நிலம் தேடிப் போன அமெரிக்கர்கள் அளந்த கதைகள் எல்லாம். ஒருத்தி ஆற்றைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போய் வறண்ட ஊரில் விடுவாள். ஒரு வண்டிக்காரன் கடந்துவந்த பாதையைப் பாய் போலச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொள்வான்.

அந்தப் படங்களின் இங்கிலீஷ் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி புரியாது. ஞானையாவுக்கு முக்கால்வாசி புரியாது. எனவே சத்தத்தைக் குறைத்துவிட்டு, புரொஜக்டர் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் அவரே பேசுவார். வண்டிக்காரன் ஞானையாவின் ஊரான நாசரேத்துத் தமிழில் மாடுகளை விரட்டுவான்; 'சீக்கிரம்' என்பதற்கு மட்டும் அரபி. "ஏல, சாப்பிட மட்டும் தெரியுதுல்லா? யல்லா, யல்லா."

"அங்கிள், ஒய் ரோடைச் சுருட்டறான்?" என்று கோபாலசாமியின் மகள் கேட்பாள். கோபாலசாமி, ஞானையாவுக்கு மேலே உள்ள இன்ஜினியர்.

"அடுத்த ஊர்ல ரோடு இல்லன்னா விரிக்கணும்லா பாப்பா."

படம் முடிந்ததும் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவார். தொண்டை கட்டியிருக்கும். "வாரம் பூரா மெசினு கத்துது. வெள்ளிக்கிழமை நான் கத்துதேன்." மூன்று வருடமாக இப்படி. ஒருமுறை அவருக்குப் பதில் நான் பேசிப் பார்த்தேன். பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

ஜனவரியில் காண்டிராக்டைப் புதுப்பிக்கும் காகிதம் வந்தது. மாத முடிவுக்குள் கையெழுத்திட வேண்டும். இன்னும் இரண்டு வருடம். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை, வண்டிக்காரன் கதை முழுவதையும் கேசட்டில் பேசி வைத்தார், மறுநாள் படம் ஓடும்போது நான் போட்டுக் கேட்க வைப்பதற்காக. கூடவே ஊரில் இருக்கும் மனைவி ஜெபராணிக்கு இன்னொரு கேசட்டும் பேசினார். இங்கே கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. பேசிய கேசட்டை, லீவில் போகிறவர் பெட்டியில் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். எங்கள் கம்பெனி ஜான் பீட்டர் அன்று ஊருக்குக் கிளம்பினான். இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புக் கேசட். காய்ச்சலில் கை மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை திரையில் வண்டிக்காரன் பாதையைச் சுருட்டத் தொடங்கினான். நான் டேப்பை அழுத்தினேன்.

"ஜெபராணி, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து கேக்காங்க. என்னால முடியல. ஏறி எறங்க முடியல, ஒறங்க முடியல. வந்துரட்டுமா? வான்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துருதேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். வண்டிக்காரன்தான் பேசுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். நான் நிறுத்துவதற்குள் பின்வரிசையில் பெரியவர்கள் தலைகுனிந்திருந்தார்கள். கோபாலசாமி என் பக்கம் வந்தார். "கேசட்டை அவர்கிட்டயே குடுத்துடுங்க. நான் எதையும் கேக்கலை. காண்டிராக்ட் பேப்பர் முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் என் டேபிளுக்கு வர வேண்டாம்."

விஷயத்தைச் சொன்னபோது ஞானையா போர்வைக்குள்ளிருந்து கேட்டார். "அப்ப அவளுக்கு மாட்டுவண்டிக் கதையா போயிருக்கு?"

"வேற பேசி அனுப்புங்க" என்றேன்.

"பதில் வரட்டும் சார். இது என்ன கதைன்னு அவளா கேப்பா."

முப்பதாம் தேதி, ஊரிலிருந்து திரும்பிய வைரவன் பதில் கேசட்டைக் கொண்டுவந்தான். மாலை ட்யூட்டி முடிந்து ஞானையா என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். தனியாகக் கேட்க அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

முதலில் சேவல் சத்தம். பிறகு ஜெபராணி. "எப்பவும் கேசட்டுல இருமலும் செலவுக் கணக்கும்தான் இருக்கும். இந்தத் தடவ கதை சொல்லியிருக்கீய. இவ்வளவு சிரிச்சுப் பேசி நான் கேட்டதே இல்ல. சின்னவன் பள்ளிக்கூடத்துலருந்து வந்ததும் போடச் சொல்லுதான், தெருப்பிள்ளைகளும் வந்துருது. அங்க சந்தோசமாத்தான் இருக்கீயன்னு இப்பத்தான் மனசு ஆறிச்சு. எங்களப் பத்தி வெசனப்படாதிய. அங்கேயே நல்லபடியா இருங்க."

கேசட்டில் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பையன் மாடுகளை "யல்லா, யல்லா" என்று விரட்டினான். அர்த்தம் தெரிந்திருக்காது. டேப் நின்றது.

"கையெழுத்துப் போடாம, ஊருக்கே போய்ப் பேசலாமே. நாளைக்குத்தானே கடைசி நாள்?" என்றேன்.

"இதுக்கு மேல என்னத்தப் பேச. மனசு ஆறிச்சுங்கா."

தலையணைக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்தார். என் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். முழங்கால்மேல் காகிதத்தை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் பெயரை எழுதினார். பிறகு குனிந்து கையெழுத்தின்மேல் ஊதினார். பால்பாயிண்ட் பேனா அது, காய்வதற்கு ஒன்றுமில்லை. அவர் ஊதிக்கொண்டே இருந்தார்.